நாற்பது வீட்டுச் சுவரில் சுகுணா

சுரேந்திரனை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே படிக்கட்டு ஏறினால் முதலில் அவனுடைய போட்டோ ஸ்டுடியோ, அடுத்தது என்னுடைய பிரேம் கடை. அவன் முகத்தைத் திருத்துவான், நான் சட்டம் அடிப்பேன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அவனோ அடித்தாலும் திருப்பிப் பேசாத ஆள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். அந்த வீட்டில் கொழுந்துக் கூடை தூக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான்.

கல்யாண ஆல்பமும் செய்வான். ஆனால் தோட்டத்துத் தொழிலாளிகளின் லயன் வரிசை வீடுகளிலிருந்து அவனைத் தேடி வருவது செத்தவர்களுக்காக. வயதான பொம்பளைகளுக்குத் தனியாக ஒரு படம் இருக்காது. ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். நாற்காலியில் உட்கார வைத்த பிணத்தை எவனாவது செல்போனில் எடுத்திருப்பான், அதைக் கொண்டுவருவார்கள். பதினாறாம் நாளுக்குள் படம் மாலைக்குத் தயாராக வேண்டும்.

சுரேந்திரன் நெற்றிக் காசை எடுப்பான். தாடையைச் சுற்றிய துணியை எடுப்பான், மூக்குப் பஞ்சை எடுப்பான். எடுத்த இடம் ஓட்டையாக நிற்குமே, அதன்மேல் கன்னத்தில் நன்றாக இருக்கும் தோலைத் தொட்டுத் தேய்ப்பான். ஹீலிங் பிரஷ் என்பான். நல்ல இடத்திலிருந்து எடுத்துக் கெட்ட இடத்தை மூடுவது, அவ்வளவுதான். கண் மட்டும் அப்படி வராது. மூடிய இமைக்குள் போய் எதைத் தொடுவது? மகளோ தங்கையோ, ரத்த சொந்தத்தின் படத்திலிருந்துதான் கண்ணை எடுத்து வைப்பான். அது அவனே போட்டுக்கொண்ட விதி.

ஒருமுறை சொந்தக்காரர்கள் கொடுத்த படம் ஒன்றும் தேறவில்லை. மறுநாள் காரியம். அவன் மனைவி சுகுணாவின் பாஸ்போர்ட் படம் திரையில் திறந்து கிடந்தது. நேரான பார்வை, நல்ல வெளிச்சம். அதிலிருந்து கண்ணை எடுத்து, கொஞ்சம் மங்கலாக்கி வைத்துவிட்டான். அந்த வீட்டார் “அப்படியே அம்மா” என்று கதறி அழுதார்கள். அப்புறம் கேட்பானேன்! ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். எட்டு வருடத்தில் நாற்பது பேருக்கு அதே கண்ணை வைத்திருக்கிறான். நாற்பதுக்கும் கண்ணாடி துடைத்துச் சட்டம் அடித்தவன் நான். எனக்கும் தெரியவில்லை. கண்ணிருந்தும் குருடன்.

போன தை மாதம் சுகுணா கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் துக்கம் கேட்கப் போனாள். ஒரே லயனில் மூன்று வீட்டுக்குள் போனாளாம். மூன்று சுவரிலும் மாலைக்குள் தன் கண்ணே இருந்தது. அவள் இடது கண் வெள்ளையில் எள்ளளவு ஒரு மச்சம் உண்டு. மூன்றிலும் அந்த மச்சம்.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். “ஏங்க, உசுரோட இருக்கிறவ கண்ணுக்கு மாலை போட வச்சிருக்கீங்களே, நீங்க மனுசன்தானா?”

விஷயம் புரிந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. “அட நாசமாப் போனவனே! ஊர்ல இருக்கற பருவெல்லாம் எடுக்கறயே, அந்த மச்சத்தையாச்சும் எடுத்துத் தொலச்சிருக்கக் கூடாதா?”

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. “எடுத்துப் பாத்தேண்ணா. அது இல்லைன்னா கண்ணு செத்துப்போவுது.”



அன்றிலிருந்து சுகுணாவுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் யார் வீட்டு அடுப்படியோ தெரிகிறது என்றாள். ஒரு நீல டிரம், மூடியில் சிவப்புக் கயிறு, பக்கத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒரு மாதத்தில் அவள் பாதியாக இளைத்துப்போனாள். “எங்கண்ணை எனக்குத் திருப்பி வாங்கிக் குடுங்க” என்று மட்டும்தான் கேட்டாள்.

நாற்பது படத்தையும் மாற்றித் தருவதென்று சுரேந்திரன் முடிவு செய்தான். முதலில் பிக்கட்டிப் பக்கம் இருந்த காத்தாயி கிழவியின் படம். மகள் பிரியாவின் கண்ணை அவள் வாட்ஸ்அப் படத்திலிருந்து எடுத்து வைத்தான். புதுச் சட்டத்தை நான் அடித்தேன். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

பிரியா கதவைத் திறந்து எங்களை உள்ளே உட்கார வைத்தாள். அடுப்படியில் நீல டிரம் இருந்தது. லயன் வீடென்றால் நீல டிரம் இல்லாமலா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதற்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

சுரேந்திரன் எதையும் மறைக்காமல் சொன்னான். பிரியா புதுப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வேணாங்க. இது எங்கண்ணு. இதை நான் தினமும் கண்ணாடியில பாக்கிறேன். அம்மாவுக்குக் கடைசி ஆறு வருசம் பார்வையே இல்லை. கொரலை வச்சுத்தான் என்னைத் தெரியும். இந்தப் பழைய படத்துலதான் அது என்னைப் பாக்குது. அதையும் புடுங்கிட்டுப் போறீங்களா?”



“அது என் கண்ணும்மா” என்றாள் சுகுணா.

அப்போதுதான் பிரியா அவளைச் சரியாகப் பார்த்தாள். கிட்டே வந்தாள். மச்சத்தைப் பார்த்தாள். அப்படியே சுகுணாவின் காலடியில் உட்கார்ந்து, அண்ணாந்து, “அம்மா, தோட்டத்து வேலையில என்னை பெர்மனென்ட் ஆக்கிட்டாங்கம்மா” என்றாள்.

சுகுணா எழுந்து போயிருக்கலாம். ஒரு கணம் அவள் இமை இறங்கியது. பிறகு திறந்தாள்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி” என்றாள். “தெனமும் டிரம்முக்குப் பக்கத்துல தனியா உக்காந்து சாப்புடுறியே.”

பிரியா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் சுரேந்திரனும் வெளியே வந்து நின்றோம். அவனைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, பாவம்.

திரும்பும்போது பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் முன் சீட்டில். நான் பின்னால், புதுச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு. “மத்த ஊடுகளுக்கு எப்பப் போறதம்மா?” என்று கேட்டேன்.

“போக வேணாங்கண்ணா” என்றாள் சுகுணா. பஸ் மஞ்சூரைத் தாண்டியது. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நான் செத்தா, எம்படத்துல கண்ணை மூடியே வையுங்க. நம்ம ஊட்டையும் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது.”