அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தையல்காரர் முன்னால் கையைத் தூக்கி நின்று டேப்பில் அளவு கொடுத்ததே கிடையாது. எங்களுக்குப் பதிலாக அளவு ஜாக்கெட் போய் நிற்கும். உடம்புக்குக் கச்சிதமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணிக்குள் சுருட்டிக் கொடுத்து, "இதே மாதிரி, கை மட்டும் கொஞ்சம் இறக்கி" என்று சொன்னால் வேலை முடிந்தது. திருமுல்கேரியில் எங்கள் தெருமுனைத் தையல்காரர் பட்டாளத்துக் கால்சட்டைகள் தைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஹவ் மா, ஹவ்" என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

துணி என்றால் எனக்குப் பைத்தியம். அப்போது மல்லாபூர்ப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், ஏறுகிற பெண்கள் கட்டியிருப்பது வாயிலா, நைலெக்ஸா, ஜார்ஜெட்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். யார் ஜாக்கெட்டுக்கு லைனிங் கொடுத்திருக்கிறார்கள், யாருக்குப் பஃப் கை எடுப்பாக இருக்கிறது, யாருக்குப் போட் நெக் பொருந்தவே இல்லை என்று தீர்ப்பு வேறு. கேட்பார் யாரும் இல்லை என்பதால் என் தீர்ப்புகள் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும்.

என் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சொன்ன தீர்ப்பு அதைவிடக் கடுமை. நான் ஒல்லி. ஜாக்கெட்டுக்கென்று ரூபியா துணி எடுத்தால் மிச்சத்தில் அக்கா குழந்தைக்கு ஒரு சட்டை தேறும். முதலில் வந்த வரன் வீட்டார் காபி குடித்து, கேக் தின்று, போகும்போது "பொண்ணு ஊதினா பறந்துடும் போல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஞாயிறு கோயிலில் ஞானப்பாட்டுப் பாடும்போதுகூட என் தோளெலும்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வரன் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையும் அவர் தாய்மாமனும் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை, சிரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவருடைய அம்மா பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். பரீட்சை நேரம் என்பதால் வரவில்லை. என் போட்டோவை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லி அனுப்பினார். கல்யாணச் சேலையும், அதற்குத் தைத்த ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பது எங்கள் ஆட்களுக்குள் வழக்கம். "நானே தைக்கிறேன், முழங்கை வரை கை, ஏறின கழுத்து, அளவு ஜாக்கெட் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார். அம்மா அன்றைக்கே பார்சல் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் ஜாக்கெட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

"எதைம்மா அனுப்பினே?"

"உங்க அக்காவோடது ஒண்ணு இங்க கெடந்துச்சு. அதை அனுப்பினேன்."

அக்கா குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இருந்தாள். பிள்ளை பெற்று வளமாக, பார்க்க நிறைவாக இருப்பாள். அவள் ஜாக்கெட்டுக்குள் என்னை மாதிரி இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம்.

"கைக்கும்மா, ஏம்மா இப்படிப் பண்றே? அது எனக்கு எப்படிச் சேரும்?"

"கத்தாதே. உன் அளவைப் பார்த்தா அந்தம்மா பயந்துடுவாங்க. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீ அந்த அளவுக்கு வந்துடுவே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க? இது ஒண்ணே ஒண்ணு, அதுவும் நான் வாயைத் தொறந்து சொல்லல."

"தையல் டீச்சர்கிட்டயா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியே!"

அம்மா சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பாலில் நெய்யை ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இவர்களும் வேண்டாமென்று போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சண்டை போடுவது? குடித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பாடு. காலையில் ஊறவைத்த பாதாம், மேலே இரண்டு முட்டை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் சோற்றை அமுக்கி அமுக்கி வைத்திருப்பாள், ஸ்பூன் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் ஆட்டுக்கால் பாயா. "நக்கோம்மா, நக்கோ, வேண்டாம்" என்று நான் கெஞ்சினால் காது கேட்காதவள் மாதிரி இன்னொரு கரண்டி. ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி, பழைய நகரத்து முஸ்லிம் பெண், என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டீ, உங்கம்மா கல்யாணப் பொண்ணைத் தயார் பண்றாங்களா, பக்ரீத் ஆட்டைத் தயார் பண்றாங்களா?" கேட்டுவிட்டு அவளும் அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து டபுள் கா மீட்டா என்கிற ரொட்டி இனிப்பைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டாள்.

உடம்பும் நன்றி கெட்டது இல்லை, போட்டதற்குக் கணக்காக ஏறியது. முதலில் கன்னம், பிறகு கை. ஜாக்கெட்டுகளின் பக்கத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் பிரிக்கத் தையலே இல்லை. கல்யாண வாரம் லீவு போட்டுவிட்டு மேக்ஸியிலேயே உலாத்தினேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அக்காவின் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. "பாத்தியா?" என்றாள் அம்மா. எனக்கும் உள்ளூர ஒரு பெருமை வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்து இறங்கினார்கள். மத்தியானம் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உயரமாக, கட்டையான குரலோடு, கழுத்தில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தன நிறப் பட்டுச் சேலையையும் அதன் மேல் மடித்த ஜாக்கெட்டையும் கொடுத்து, "போட்டுப் பாரும்மா" என்றார்.

உள் அறையில் நானும் அம்மாவும் அக்காவும். இடது கையை நுழைத்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. மூச்சைப் பிடித்து, அக்கா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் இழுத்து, ஒருவழியாக இரண்டு கையும் உள்ளே போயின. முன்பக்கம் இரண்டும் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி விலகி நின்றன. அடி ஊக்கை மட்டும் மாட்ட முடிந்தது.

"ஐயோ, அதிகமாப் போட்டுட்டேனே!" என்று அம்மா தலையில் கை வைத்தாள். "அக்காவையும் தாண்டிட்டியேடீ!"

அக்கா ஜாக்கெட்டின் முதுகை விரலால் சாண் போட்டுப் பார்த்தாள். "அம்மா, இது என் அளவே இல்ல. இது இவளோட பழைய அளவு."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கதவைத் தட்டிக்கொண்டு மாமியார் உள்ளே வந்துவிட்டார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. இன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார். "நீங்க அனுப்புன ஜாக்கெட்டுல மேல் ஊக்கு ரெண்டும் புதுசு மாதிரி இருந்துச்சு. கீழ உள்ளதெல்லாம் தேஞ்சு வளைஞ்சு கெடந்துச்சு. கீழ் ஊக்கையே ஓயாம கழட்டி மாட்டுனா, அது பிள்ளைக்குப் பால் கொடுக்கவ ஜாக்கெட்டு. பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. எம் மவன்கிட்ட கேட்டேன், 'போட்டோல இருக்க மாதிரிதாம்மா இருக்கா'ன்னான். எங்க ஸ்கூல்ல அந்த உடம்புவாக்குல ஒரு பிள்ள உண்டு. அவள நிக்க வச்சு அளவெடுத்துத் தச்சேன். இப்ப இங்க வந்து பாத்தா, நிக்கது வேற ஆளு!"

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க. ஒல்லியா இருக்கான்னு இதுக்கு முன்னாடி ஒருத்தர் வேணாம்னு போயிட்டாங்க. நீங்களும் போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன மைனி நீங்க! போட்டோல இருந்த பிள்ளையத்தான நாங்க கேட்டோம்? சதை போட்டு அனுப்புங்கன்னு எப்பக் கேட்டோம்?"

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. இரண்டு மாதம் விழுங்கிய நெய்யும் முட்டையும் பாயாவும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. நின்ற இடத்தில் விம்மி அழுதேன். மாட்டியிருந்த அந்த ஒரே ஊக்கும் படக்கென்று தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. முதலில் சிரித்தது அம்மாதான், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மாமியார் என்னைத் திருப்பி நிறுத்திப் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். "உள்ள ரெண்டு விரல் துணி விட்டுருக்கேன், பிரிச்சு விட்டுரலாம். பத்தாததுக்குக் கக்கத்துல ஒட்டுப் போட்டுருதேன், சேல மறைச்சிரும். ஏட்டி, அழாம நில்லு. நீ விம்முத விம்முல நான் முதல்ல இருந்து தைக்கணும் போலுக்கே."