சாம்பல் கோழிக்குக் காவல்

சாம்பல் நிறக் கோழியின் முதுகில் முதலில் ஓர் இறகு குறைந்தது. பிறகு உள்ளங்கை அளவுக்குத் தோல் தெரிந்தது. கொத்தியது கறுப்பி. எங்கள் வளவில் நின்ற ஆறு கோழிகளில் நாள் தவறாமல் முட்டையிட்டவள் அவள் ஒருத்திதான். கறக்கிற மாட்டின் உதையைப் பொறுக்கத்தானே வேண்டும்? நானும் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

முட்டை என் கணவருக்கு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் அவரை இயந்திரத்தில் பூட்டி இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அதில் போகிற சத்துக்கு முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். கடையில் முட்டை கண்ணில் படாத காலம் அது. கறுப்பி இட்டால்தான் அவருக்குச் சாப்பாடு.

அவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் காவல் வேலை செய்தவர். வீட்டிலும் அதே வேலையைத் தொடங்கினார். காலைத் தேத்தண்ணி குடித்ததும் மாமரத்தடியில் கதிரையைப் போட்டு, ஈர்க்குக்கட்டோடு உட்கார்ந்துவிடுவார். கறுப்பி சாம்பலின் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், ஈர்க்கு எழும்பும். என்னோடு கதைப்பதைவிட அந்தச் சாம்பலோடு கதைத்ததுதான் கூட.

ஆஸ்பத்திரி நாட்களில்தான் வில்லங்கம். வீட்டில் வேறு ஆளில்லை. தெருநாய்களுக்குப் பயந்து, பழைய மீன்வலை கட்டிய கூட்டுக்குள் ஆறையும் பூட்டிவிட்டுப் போவோம். பின்னேரம் வந்து பார்த்தால் சாம்பல் மூலைக்குள் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். முதுகெல்லாம் இரத்தம்.

அவர் தன் கைப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தந்த சிவப்பு மருந்தை அதற்குப் பூசிவிட்டார். அதுவரை கொத்தாதவையும் கொத்தத் தொடங்கின. பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சிவப்பைக் கண்டா விடாதுகள். கழுவிப்போட்டு வேப்பெண்ணெய் பூசுங்க" என்றார். பூசினோம். இதையாவது கொத்தட்டும் என்று வலையோரம் முருங்கைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் ஊரில் மாடுகளைப்போல் ரோட்டில் திரிகிற மான்களில் ஒன்று வந்து அதை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது. சாம்பலைக் கூடையால் மூடித் தனியாக வைத்தேன். திரும்ப விட்டபோது அந்நியக் கோழி வந்துவிட்டதென்று எல்லாமாகச் சேர்ந்து கொத்தின.

"கொத்து வாங்கினதை இல்லையம்மா, கொத்தினதைப் பிரிச்சு வையுங்கோ" என்றார் மிருக வைத்தியர். கறுப்பியைப் பிரித்துக் கட்டினேன். அவள் முட்டையை நிறுத்திவிட்டாள். வேறு வழி தெரியாமல் அவிழ்த்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டோ வந்து வாசலில் நின்றது. அவர் சட்டை போடாமல் கதிரையிலேயே இருந்தார்.

"வெளிக்கிடுங்கோவன், ஓட்டோ நிக்குது."

"நான் வரேல்ல. நான் போனா இவள் இதைக் கொத்தியே சாக்காட்டிப்போடுவாள்."

"கோழிக்காக ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருப்பினமோ?"

"இண்டைக்கு மட்டும்."

கெஞ்சினேன். வாயில் வந்தபடி ஏசினேன். ஓட்டோ வெறுமனே திரும்பிப் போனது.

வியாழக்கிழமை முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாளைக்கும் வரமாட்டேன் என்றபோதுதான் எனக்கு விளங்கியது: கோழி ஒரு சாட்டு. ஊசியும், அந்த இயந்திரமும், வந்த பிறகு எலும்புக்குள் இருக்கும் களைப்பும் அவருக்குப் போதுமென்று ஆகிவிட்டது. அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமல் கோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதைவிடப் பயம். இந்த மனுசன் என்னைத் தனியே விட்டுப் போக வழி பார்க்கிறாரே என்று குசினிக்குள் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன்கூடச் சமைப்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமை விடியக் கறுப்பியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து வேலிக்கு மேலால் நானாவிடம் நீட்டினேன்.

"முட்டையிடுற கோழியெல்லோ, தங்கச்சி?"

"ஓம். அறுங்கோ நானா. இறைச்சியை நீங்களே எடுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோழியை வாங்கிக்கொண்டார்.

கையைக் கழுவிவிட்டு இவரிடம் வந்தேன். "கறுப்பி இல்லை. இனி இஞ்ச காவல் தேவையில்லை. சட்டையைப் போடுங்கோ."

"அறுக்கக் குடுத்திட்டியோ? வெள்ளிக்கிழமையில?"

"ஓம்."

ஈர்க்குக்கட்டை நிலத்தில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். வீங்கிய கையைச் சட்டைக்குள் நான்தான் நுழைத்துவிட்டேன்.

பின்னேரம் ஓட்டோவால் இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே கூட்டடிக்குப் போனார். சாம்பல் அதே மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. அதன் முதுகில் புது இரத்தம். இதுவரை முன்னுக்கு வராத ஒரு மண்ணிறக் கோழி பக்கத்தில் நின்று அலகை நிலத்தில் துடைத்துக்கொண்டிருந்தது.

அவர் வலையைப் பிடித்தபடி சொன்னார்: "சாம்பலை விட்டா இன்னும் நாலு இருக்கு. எத்தினையை அறுப்பாய்?"

"எல்லாத்தையும் அறுப்பன்" என்றேன். "செவ்வாய்க்கிழமை நீங்கள் வெளிக்கிடுறீங்கள்."