மணிமொழி மேடத்தின் வயிற்றெரிச்சல்

கூட வேலை பார்ப்பவர்கள் யார் மேலும் மணிமொழிக்குப் பொறாமை வந்தது கிடையாது. துறையில் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வந்து போட்டோ காட்டினால், "நல்லாருக்குப்பா" என்று மனசாரச் சொல்லுவாள். அவளை வயிறெரிய வைத்தவர் ஒரே ஆள்தான். கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர் போகும் மினி பஸ்ஸின் கண்டக்டர் பாவாடை.

மணிமொழிக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பா குத்தகை நிலத்தில் மரவள்ளி போட்டவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் அவள். சமூகப்பணி படித்து, அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கி, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். ஒரு பெரிய கெட்டது நடந்த ஊர் மறுபடி எப்படி எழுந்து நிற்கிறது, அந்த ஊரின் பழக்கவழக்கமே அதற்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பது அவளுடைய பாடம். அவள் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட போனை உள்ளே வைத்துவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கரியாலூர் மலையில் ஒரு விபத்து நடந்தது. மிளகு பறிக்க வெளியூர் போய்த் திரும்பியவர்கள் வந்த வேன், கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. கரியாலூரை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மட்டும் ஏழு ஆண்கள் போய்விட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் காட்டு வேலைக்குப் போவதில்லை, ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதுகூட இல்லை என்று கேள்விப்பட்டதும், "நான் போறேன் சார்" என்று பிரின்சிபாலிடம் தானாகவே போய் நின்றாள் மணிமொழி. இதற்காகத்தானே இத்தனை வருஷம் படித்தோம் என்று இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை கேட்டு வாங்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் சார்ட்டும் கலர் பேனாக்களும் வைத்தாள். ஏழு பெண்களும் வந்தார்கள். மேடம் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா?

"உங்க துக்கத்துக்கு ஒரு நிறம் குடுக்கணும்னா என்ன நிறம் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

இருசம்மாள் என்கிற முப்பது வயதுக்காரி கைக்கு எட்டின பச்சைப் பேனாவை எடுத்து, "இது" என்றாள். மற்ற ஆறு பேரும் அதே பேனாவை வாங்கி வாங்கிக் கோடு போட்டார்கள். எட்டு வாரம் இப்படியே போனது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில், தலையாட்டல், காபி. நேரம் ஆகும், பொறுமையாக இருக்கணும் என்று மாணவர்களுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாவது வாரம் கூட்டம் முடிந்து மணிமொழி கீழே இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாமான் வாங்க அந்தப் பெண்களும் அதே பஸ்ஸில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டே பாவாடை ஆரம்பித்தார்.

"இன்னா இருசா, உன் வூட்டுக்காரன் கனவுல வந்தானா?"

மணிமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா கேட்பார்கள்?

"வந்தாருணா. வந்து இன்னா பண்றது, ஒரு வார்த்தை பேசல. சண்ட போட்டுக்கினுதான ஊருக்குப் போனாரு" என்றாள் இருசம்மாள்.

"அவன் எப்பப் பேசினான்? எம் பஸ்சுல ஏறுனா கடசி சீட்டு ஜன்னல்தான் வேணும். வழியெல்லாம் எச்சி துப்பிக்கினே வருவான். எத்தினி வாட்டி சண்ட போட்டுருக்கேன்!"

பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. மணிமொழி திரும்பிப் பார்த்தாள். சிரித்தது இருசம்மாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த காசியம்மாள் அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டு, தன் புருஷன் கதையை எடுத்தாள். கச்சிராயபாளையம் வருவதற்குள் ஏழு பேரும் பேசிவிட்டார்கள். மணிமொழி எட்டு வாரமாகக் காத்திருந்த அத்தனையும் அந்த ஆளின் விசிலுக்கு நடுவில் கொட்டியது.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வகுப்பில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தவள், பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பத்தாவது தாண்டாத ஆள். வெற்றிலைக் கறை படிந்த பல். அந்த ஆளிடம் என்ன இருக்கிறது? அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் முன் சீட்டில் உட்கார்ந்து, தனக்குச் சொல்லாத கதைகளை முதுகால் கேட்டாள். கேட்கக் கேட்க வயிறு காந்தியது.

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். மலைக்குப் போய்வருவது சிரமமாக இருக்கிறது, அவர்களையே கல்லூரிக்கு அழைத்து வந்தால் ஃபேன் இருக்கும், மதியச் சாப்பாடும் போடலாம் என்று பிரின்சிபாலிடம் சொல்லிக் கல்லூரி வேனைக் கேட்டு வாங்கினாள். பஸ் இல்லை என்றால் பாவாடையும் இல்லை. வாய்விட்டு அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் அவளே வேனில் போய் அழைத்து வந்தாள். பெண்கள் ஏறத் தயங்கினார்கள். "ஏறுங்கம்மா, ஏசி வேன்" என்றாள். வேன் வேகமாக இறங்கியது. அந்த வளைவு வந்தபோது டிரைவர் ஒரு கையால் ஒடித்துத் திருப்பினார். இருசம்மாள் போட்ட கூச்சலில் அவர் பிரேக்கில் ஏறி நின்றார். காசியம்மாள் வாந்தி எடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு ஏழு பேரும் ரோட்டோரம் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் மறுபடி ஏறவில்லை.

வேனில் போன புருஷன்மார்கள். அதே மலை, அதே வளைவு. அவள் வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும், கூடாது என்று. இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ரோட்டோரம் நின்றபடி முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டாள்.

அரைமணி நேரத்தில் கீழிருந்து மினி பஸ் வந்தது. பாவாடை இறங்கி, ஒன்றும் கேட்காமல் ஒவ்வொருத்தியையும் கை பிடித்து ஏற்றினார். கடைசியாக மணிமொழியிடம் வந்தார்.

"இன்னாங்க மேடம், எம் பஸ்சு இன்னா பண்ணுச்சு?"

மணிமொழி வேன் டிரைவரிடம் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

"இந்த வளைவுல மட்டும் மெதுவா போவச் சொல்லி டிரைவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இந்த எடம் வர்றப்பத்தான் ஜாஸ்தியா வாயடிப்பேன். அதுங்க வெளியப் பாக்கக் கூடாதுல்ல. நீங்களும் ஏறுங்க."

ஏறினாள். முன் சீட்டு காலியாக இருந்தும் பின்னால் போய், இருசம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றாள்.

இருசம்மாள் நகர்ந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். அப்புறம், "வேனு வேணாங்க மேடம்" என்றாள். "பேனாவும் வேணாம்."

அதோடு நாற்காலி வட்டம் நின்றது. மணிமொழி சனிக்கிழமை பஸ்ஸில் வெறும் கையோடு போய்வர ஆரம்பித்தாள். ரெண்டு மாதம் கழித்து ஒரு நாள் இருசம்மாள் தானாகவே, தினைக் காட்டைத் தனியாக உழுது விதைக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லி அழுதாள். ஏழு பேரும் மாற்றி மாற்றி ஒருத்தி காட்டில் மற்றவர்கள் வேலை செய்வதென்று அந்தப் பஸ்ஸிலேயே பேசி முடிவானது. மணிமொழி அதற்கு வேண்டிய விதையை வேளாண்மை அலுவலகத்தில் நாலு தடவை நடந்து வாங்கிக் கொடுத்தாள். அது அவளால் ஆனது, பாவாடையால் ஆகாதது. அதில் அவளுக்கு ஒரு அற்பச் சந்தோஷமும் இருந்தது.

இப்போது ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் கதையைத் தன் பெயர் சொல்லியே நடத்துகிறாள். வேன் இடத்துக்கு வரும்போது குரல் இறங்கிவிடும். நிறுத்தமாட்டாள்.

போன மாதம் துறை விழாவுக்குப் பாவாடையைப் பேசக் கூப்பிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மைக்கைப் பிடித்து, நாலே நிமிஷம் பேசினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். அதற்கு முன்னால் மணிமொழி முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். அவளுக்கு விழுந்தது மரியாதைக் கைதட்டல். விழா முடிந்ததும் மலையிலிருந்து வந்திருந்த ஏழு பெண்களும் அந்த ஆளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"மேடம், நீங்களும் வாங்க" என்று இருசம்மாள் கூப்பிட்டாள்.

"இதோ வரேன்" என்றாள் மணிமொழி. அடிவயிற்றில் அந்தப் பழைய காந்தல் கிளம்பியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, போய் ஓரத்தில் நின்றுகொண்டாள்.