புளித்த மாவுக்கு மூன்று பட்டியல்

எங்கள் வீடு கேளம்பாக்கத்தில். அம்மா ஆறு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறார். காலையில் அரைத்து, வீட்டின் பின்பக்கம் தகரக் கூரையின் நிழலில் டிரம்களில் மூடி வைப்போம். மாலை ஐந்து மணிக்கு அவை மாமல்லபுரத்தில் ஒரு டிபன் கடைக்குப் போகும். நான் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிறர் எழுதிய நிரலில் தவறு கண்டுபிடிப்பது என் வேலை.

சென்ற கோடையில் மாவு கெடத் தொடங்கியது. தினமும் இல்லை. சில நாட்களில் மட்டும் ஐந்து மணிக்குள் பொங்கி, மூடியைத் தள்ளி, மோர் நாற்றம் அடித்தது. டிபன் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அம்மா சுவர்க் காலண்டரில் ஒரு வட்டம் போடுவார்.

மாவு கெட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் கையைத்தான் சொல்வார்கள். உப்பு போட்டுக் கரைப்பவரின் கைச்சூடு மாவுக்கு ஏறும் என்பது நம்பிக்கை. எங்களுக்குக் கரைத்துக் கொடுத்தவர் மாமல்லபுரம் சாலையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. பங்குனியில்தான் வேலைக்குச் சேர்ந்தார். இந்த வேலையை நம்பி மகளை நர்சிங்கில் சேர்த்திருந்தார்.

"அவ கை சூட்டுக் கை. மாசம் முடிஞ்சா நிறுத்திடப் போறேன். கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் அம்மா.

பத்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

கல்லூரியில் அறிவியல் வரலாறு விருப்பப் பாடமாக இருந்தது. அதில் என் மனத்தில் நின்றவர் ஒருவர்தான். நானூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த ஆங்கிலேயத் தத்துவவாதி. வெப்பம் என்றால் என்ன என்று அறிய, யோசித்துக்கொண்டே உட்காராமல் பட்டியல் போட்டவர். முதல் பட்டியலில் வெப்பம் இருக்கும் இடங்கள். இரண்டாவதில், அவற்றைப் போலவே இருந்தும் வெப்பம் இல்லாத இடங்கள். மூன்றாவதில், அது கூடிக் குறையும் இடங்கள். மூன்றிலும் பொருந்தாததைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

சமையலறைக் கதவில் மாவு கெட்ட நாள், கெடாத நாள், கூடக்குறையக் கெட்ட நாள் என்று மூன்று தாள் ஒட்டினேன். காலண்டர் வட்டங்களைப் பார்த்து நாட்களை எழுதினேன். அரிசி, உளுந்து, லாரித் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, கிரைண்டர் ஓடிய நேரம், கரைத்தவர் கை. பட்டியலிலிருந்து முதலில் கழிந்தது தண்ணீர். அடுத்து உளுந்து. அக்காவின் கை கெட்ட நாளிலும் இருந்தது, கெடாத நாளிலும் இருந்தது.

"தினமும் இருக்குற கை சில நாள் மட்டும் எப்படிம்மா கெடுக்கும்?"

"தினமும் ஒரே சூடா கீது கைக்கு? ஒரு நாள் கூட இருக்கும், ஒரு நாள் கம்மியா இருக்கும்" என்றார் அம்மா. நல்ல பதில்.

அதனால் செவ்வாய்க்கிழமை அம்மாவையே கரைக்கச் சொன்னேன். நாலு மணிக்கே மூடி எழும்பியது.

"இப்போ என் கைய சொல்லுவியா?" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாமல் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று அம்மா மறுபடி அக்காவை நிறுத்தும் பேச்சுக்கே வந்தார். மூன்று நாள்தான் மிச்சம்.

புதன் காலை ஈரக் கையோடு அக்கா கதவருகே நின்று தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அல்லார் பேரும் கீது. உன் பேரு எங்க?"

"நான் மாவைத் தொடவே இல்லையேக்கா."

"தொடலன்னா இன்னா? நீ வூட்ல குந்திகினு வேல செய்ற நாள்லதானே இது பொங்குது? ஆபீஸ் போற அன்னிக்கு நல்லாத்தானே கீது?"

அலுவலக நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். வட்டமிட்ட எட்டு நாளும் நான் வீட்டிலிருந்து வேலை செய்த நாட்கள். மிக மோசமான செவ்வாய்க்கிழமைகளில் எனக்குக் காலை முதல் மாலை வரை கூட்டங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டிருப்பேன். சித்திரையில் மாட்டிய ஏசி.

பின்பக்கம் போய் நின்றேன். ஏசியின் வெளிப்பெட்டி ஊதிய அனல் நேராக டிரம்கள் மேல் அடித்தது. வெப்பத்துக்குப் பட்டியல் போட்டவரின் முறையில் தேடியது கடைசியில் வெப்பத்திடமே வந்து நின்றது.

வியாழக்கிழமை டிரம்களைப் பக்கவாட்டுச் சுவர் ஓரம் நகர்த்தினோம். அக்காதான் கரைத்தார். நாள் முழுக்க ஏசி ஓடியது. ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தபோது மாவு நிற்க வேண்டிய அளவில் நின்றது.

மனித மனம் கோணல் கண்ணாடி, பார்ப்பவர் தன் வளைவையும் சேர்த்தே பார்க்கிறார் என்றும் அந்தத் தத்துவவாதி எச்சரித்திருந்தார். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். என் பட்டியலில் என்னை விட்டிருந்தேன். முதல் தாளில், எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில் 'நானும் என் ஏசியும்' என்று எழுதினேன். என் வேலையில் எத்தனையோ தவறுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த ஒரு வரி தந்த பெருமையை அவை தந்ததில்லை.

அதைவிடப் பெரிய பெருமை அன்று மாலை வந்தது. அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, டிபன் கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"பாய், அன்னிக்கு அவ கையின்னு சொன்னேனே, அது என் தப்பு. அவ கை நல்ல கை. எம் பொண்ணு ஏசிதான் மாவ கெடுத்துது. அவதான் கண்டுபிடிச்சா."

"யாரு, உங்க பொண்ணா?"

"இல்ல பாய். எங்க வூட்ல மாவு கரைக்கிறாளே, அவ."

அக்கா எழுந்து, நாளைக்கான உளுந்தை ஊறப்போடப் போனார்.