மாமா எழுதிய குறைப்பட்டியல்

என் அக்காவின் கணவர் நட்டு, போல்ட்டு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். இருபது வருடமாக அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே குடும்பம் நடத்துகிறார். மாமா செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் அன்று வேறு வியாபாரம் பார்க்க முடியாது. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பதால் எல்லாம் எனக்குத் தெரியும்.

அக்கா நர்ஸ். ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பாளர் பதவி கிடைத்தது. பதினாறு வருடம் காத்திருந்து கிடைத்தது. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. குறித்த திங்கட்கிழமை சேராவிட்டால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே ஒரு பழைய கார்.

இரண்டு அகப்பட்டன. வெள்ளைக் கார் கணக்கு வாத்தியாருடையது. வண்டிக்குப் பன்னிரண்டு வயது, மழை பெய்தால் வெளியே எடுக்கவே மாட்டார். நீலக் கார் முடிதிருத்துபவருடையது. இரண்டு வயது இளையது, ஆனால் இரண்டு மடங்கு ஓடியது. மாமா மூன்று வாரம் பார்த்தார். காந்தத்தை ஒட்டி, கதவில் அடிபட்ட பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறதா என்று சோதித்தார். ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். வெள்ளையில் பதினொரு குறை, நீலத்தில் பதினேழு.

தொழிற்சாலையில் குறை எழுதினால் சரக்குக்காரருக்கு ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பழக்கதோஷம், இங்கேயும் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். வாத்தியார் அதை நேரே மெக்கானிக்கிடம் நீட்டிப் பதினொன்றையும் சரிசெய்தார்.

“இப்ப புதுசு மாதிரி ஓடுது சார். நான் எதுக்கு விக்கணும்?”

“நீலத்துக்காவது முன்பணம் குடுத்துடுங்க,” என்று அக்கா கெஞ்சினாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன்.”

சனிக்கிழமை போனபோது அந்தக் காரும் இல்லை. முடிதிருத்துபவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் சில்லறைக் குறை, எஞ்சின் பிரமாதம்னு கடைசில எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சுட்டு ஒரு நர்சம்மா பேரம்கூட பேசாம எடுத்துட்டாங்க!”

திங்கட்கிழமைக்கென்று தேய்த்து வைத்திருந்த சீருடையை அக்கா மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த நர்சம்மா அக்காவின் தோழிதான். அவளுக்கும் அதே ஆஸ்பத்திரி. யார் எழுதிய பட்டியல் என்று பிறகுதான் தெரிந்ததாம். சங்கடப்பட்டு, தானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

திங்கள் விடியற்காலை நீலக் கார் வாசலில் நின்றது. அக்கா ஏறினாள். மாமா ஓடிவந்து எஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். முகமெல்லாம் பல்.

“பாத்தியா! நல்ல வண்டின்னு நான் அப்பவே எழுதினேன்ல?”

“ஆமாங்க. அத நம்பி அவ வாங்கிட்டா,” என்று அக்கா கதவைச் சாத்தினாள். “நீங்கதான் நம்பல.”