பச்சையம்மா லீவு போட்ட புயல்

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு மட்டும்தான். ஆனாலும் நாற்பத்தாறு வயது வரை பச்சையம்மா ஒரு நாள்கூடக் கடலில் விளையாடியதில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் பெண்கள் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்குவதில்லை. போட் கரையேறினால் கூடையோடு ஓட வேண்டும். மீனைப் பிரிக்க வேண்டும். விற்றது போக மிச்சத்தை உப்புப் போட்டு மணலில் பரப்பி, காக்காய்க்குக் காவல் இருக்க வேண்டும். அவளுக்குக் கடல் என்பது வேலை வந்து இறங்கும் இடம். அதில் குதித்து ஆட யாருக்குத் தோன்றும்?

புயல் வந்தால் அந்த வேலையும் இரண்டு மடங்காகும். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து எச்சரிக்கை சொல்லிப் போனதும் ஆண்கள் போட்டை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள், இன்ஜினைக் கழற்றி வைப்பார்கள், அத்தோடு சீட்டுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். பெண்கள் அரிசி, அடுப்பு, பாய், படுத்த படுக்கையான கிழங்கள் என எல்லாவற்றையும் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கேயே அண்டா வைத்து ஊருக்கெல்லாம் சோறாக்குவார்கள். மகள் சுபஸ்ரீயை வயிற்றில் சுமந்த வருஷமும் அப்படித்தான். இடுப்புவலி எடுத்த பிறகும் பச்சையம்மா குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை வாங்கிக்கொள்ள ஒருத்தி வந்த பிறகுதான் வேனில் ஏறினாள்.

அந்த சுபஸ்ரீ இப்போது தடாவுக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி தன் ஆட்களை எங்காவது அழைத்துப் போகும். அந்த வருஷம் சென்னைக்குத் தெற்கே இருந்த ஒரு பெரிய தீம் பார்க். இரண்டு நாள் தங்கல், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம். மற்ற பெண்கள் தம்பியையோ தங்கையையோ சொன்னார்கள். சுபஸ்ரீ அம்மா பெயரைக் கொடுத்தாள்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முன்தினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். பழவேற்காட்டை ஒட்டித்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்னார்கள்.

பச்சையம்மாவின் புருஷன் குப்பன் கெட்டவனில்லை. ஊர்ப் பேச்சுக்குத்தான் பயந்தவன்.

"இன்னா, புயலு வரச்சொல்ல ஊரை வுட்டுட்டுப் போறியா?"

"புயலு வந்தா உனக்கு லீவு. எனக்கு எப்போ லீவு?"

"அதுக்கில்லமே. ஜனம் இன்னா பேசும்?"

"நான் இங்க குந்திக்கினு இருந்தாலும் ஜனம் பேசத்தான் செய்யும். உன் துணிய மூட்டை கட்டி வெச்சிக்கீறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பத்திரமா இரு. சோறாக்க அங்க ஆளு கீது."

மறுநாள் விடிந்ததும் தாயும் மகளும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். கோயில் பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் ஆளான தருமன் நின்றிருந்தார். ஏறெடுத்துப் பார்த்தார்.

"கூண்டு ஏத்திக்கீது, தெரியுமா?"

"தெரியும்ணா. ஏத்தட்டும்," என்று சொல்லிவிட்டு பச்சையம்மா நிற்காமல் நடந்தாள்.

பார்க்கில் தூறல். மழைக்குப் பயந்து பாதிக் கூட்டம் வரவில்லை. எந்த ராட்டினத்திலும் வரிசையே இல்லை. தண்ணீருக்குள் போகப் புடவை கூடாது என்று ஒரு பெண் நீல நைலான் பேண்ட்டும் டீ-ஷர்ட்டும் எடுத்துக் கொடுத்தாள். பச்சையம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு உடை மாற்றும் அறைக்குள் போனவள், வெளியே வரும்போது கைவீசி வந்தாள்.

"நல்லாக்கீதா?"

"சூப்பரா கீதும்மா," என்று சுபஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அலைக்குளத்தில் சங்கு ஊதியது. அந்தப் பக்கச் சுவரிலிருந்து அலை எழும்பி வந்தது. "அடிப்பாவி, கடலுக்குச் சம்பளம் குடுத்து வெச்சிக்கீறாங்க!" என்று கத்தினாள் பச்சையம்மா. அடுத்த அலை அவளைக் குப்புறத் தள்ளியது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏற எழுந்து நின்று, அவள் சிரித்த சிரிப்பை சுபஸ்ரீ அதற்கு முன் கேட்டதில்லை. உடன் வேலை பார்க்கும் மோகனப்பிரியா அதைப் போனில் படம் பிடித்தாள். தலைகீழாகச் சுற்றும் ரயிலில் சுபஸ்ரீ ஒரு தடவையோடு போதும் என்று இறங்கிவிட்டாள். பச்சையம்மா கம்பியை விடவில்லை. "இன்னொரு தபா வுடு தம்பி," என்றாள். அவள் ஒருத்திக்காகவே அந்தப் பையன் மறுபடியும் மறுபடியும் ரயிலை விட்டான்.

இரண்டாம் நாள் காலையில் காற்றின் குரல் மாறியது. புயல் வடக்கே போகாமல் தெற்கே திரும்பிவிட்டதாம். பழவேற்காட்டை விட்டுவிட்டு நேராக இவர்கள் இருக்கும் பக்கம் வருகிறதாம். மதியம் பார்க்கின் மேனேஜர் வின்சென்ட் ஒலிபெருக்கியில் சொன்னான்: பார்க் மூடப்படுகிறது, தங்கியிருப்பவர்கள் உட்பட எல்லோரும் உடனே வெளியேற வேண்டும்.

எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கம்பெனி பஸ் டிரைவர் தினகரன் முட்டிவரை நனைந்து எதிரே வந்தார்.

"போவ முடியாதும்மா. பார்த்துட்டு வந்தேன். சப்வேல கார் மூழ்கிக் கெடக்கு. மேல் ரோட்டுல மரம் விழுந்துக்கீது. பஸ்ஸ எட்த்தா நடுவுல மாட்டிக்கினு சாவணும்."

வின்சென்ட் முகம் வெளுத்தது. முப்பது வயதிருக்கும் அவனுக்கு. போனில் முதலாளி கத்துவது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"மேடம், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டை மூடச் சொல்லிட்டாங்க. பஸ்ல உக்காந்துக்கோங்க. உள்ள ஏதாவது ஆச்சுன்னா நாங்க பதில் சொல்லணும்."

"வெளிய ஆச்சுன்னா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

அவன் காவலாளைப் பார்த்துக் கேட்டை மூடச் சொல்லிக் கை காட்டினான்.

பச்சையம்மா கேட்டுக்கு நடுவே, இரண்டு கதவும் சேரும் இடத்தில், பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். மழை அவள் தலையில் கொட்டியது.

"நான் போவல. மூடணும்னா என் மேல மூடு."

"அம்மா, எழுந்திரிங்கம்மா, ப்ளீஸ்."

"தம்பி, நான் பொறந்ததுலேர்ந்து புயலு வந்தா எழுந்திரு, மூட்டைய கட்டு, கெளம்புன்னுதான் கேட்டுக்கினு வர்றேன். இந்தத் தபா எழுந்திரிக்க மாட்டேன். ரெண்டு நாளு தங்கலாம்னு சொல்லித்தான இட்டாந்தீங்க? ரெண்டாம் நாளு இன்னும் முடியல."

சுபஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்தாள். மோகனப்பிரியா உட்கார்ந்தாள். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மாறாத ஒரு புதுப்பெண் தன் புருஷனை இழுத்து உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நிற்பவர் என்று வின்சென்ட்டும் காவலாளும்தான் மிஞ்சினார்கள். போனில் முதலாளி இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். வின்சென்ட் அந்தப் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"உள்ள வாங்க," என்றான்.

முதலில் சாப்பாட்டுக் கூடத்தில் போய் அமர்ந்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. காற்று ஏற ஏற அந்தக் கண்ணாடி மூச்சு விடுவதுபோல் உள்ளே வளைந்து வெளியே வளைந்தது. திடீரென்று ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கிச் சடசடவென்று கொட்டியது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. எங்கே போவது? ஜன்னலே இல்லாத முழுக் கான்கிரீட் கட்டடம் அந்தப் பார்க்கில் ஒன்றுதான் என்று வின்சென்ட் கத்திச் சொன்னான். பேய் பங்களா.

வாசலில் எல்லோரும் தயங்கினார்கள். உள்ளே கும்மிருட்டு. மேலே பல்லிளித்துக்கொண்டு ஒரு மண்டை ஓடு. "அமாவாசை வேற," என்று ஓர் அம்மாள் முணுமுணுத்தாள். வெளியே ஒரு தென்னை முறிந்து விழுந்தது. பச்சையம்மா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள்.

அங்கே இருட்டில், சவப்பெட்டிகளுக்கும் தொங்கும் கைகால்களுக்கும் நடுவே, நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காற்று கூரையை அறைந்தது. போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் பச்சையம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது. புயல் மறுபடியும் வடக்கே திரும்பியிருந்தால்? குப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போனானா, இல்லை போட்டைப் பார்க்கிறேன் என்று கரையிலேயே நிற்கிறானா? மகளின் கையை இறுக்கிக்கொண்டாள். நாம் அங்கே இருந்திருக்க வேண்டுமோ என்ற நினைப்பு எழுந்தது. அங்கே இருந்தால் மட்டும் காற்றைக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பேனா என்று அந்த நினைப்பை அங்கேயே அமுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. வெளிச்சத்தோடு பங்களாவின் பேயும் விழித்துக்கொண்டது. மேலேயிருந்து ஒரு எலும்புக்கூடு தொப்பென்று இறங்கி, கண் சிவக்க, ஹாஹாஹாவென்று சிரித்தது. குழந்தைகள் வீறிட்டன. பெரியவர்களும்தான்.

பச்சையம்மா எழுந்து அதன் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

"ஏய், சும்மா கெட! வெளிய ஒருத்தன் போடுற சத்தத்துக்கு முன்னாடி உன் சத்தம் எந்த மூலைக்கு?"

வின்சென்ட்தான் முதலில் சிரித்தான். அழுதுகொண்டிருந்த குழந்தைகளும் சிரித்தன. அதற்குப் பிறகு எலும்புக்கூடு சிரிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "சும்மா கெட!" என்று அதட்டினார்கள். வெளியே காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை மட்டுமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை அவர்கள்.

பொழுது சாயும்போது காற்று அடங்கியது. எல்லோருக்கும் பசி. சமையல்காரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். அடுப்பும் ரவையும் இருந்தன. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, எல்லாக் கண்ணும் பச்சையம்மா பக்கம் திரும்பியது.

"அம்மா, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே? எல்லாருக்கும் ஒரு உப்புமா கிண்டிட்டீங்கன்னா..." என்றான் புதுமாப்பிள்ளை.

அவள் கை தானாகவே முந்தானையை இடுப்பில் செருகப் போனது. பாதியில் நிறுத்தினாள். செருகியதை இழுத்து வெளியே விட்டாள்.

"நான் லீவுல கீறேன்," என்றாள். "உனக்குக் கையில்லையா?"

வின்சென்ட் வெங்காயம் அரிந்தான். தினகரன் தண்ணீர் கொதிக்க வைத்தார். புதுமாப்பிள்ளை கிண்டினான். அடி பிடித்து, உப்புத் தூக்கலாக, கட்டி கட்டியாக வந்த அந்த உப்புமாவை யாரோ தட்டில் போட்டு அவள் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். பச்சையம்மா காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

தண்ணீர் வடிந்து அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது குப்பத்தில் பெரிய சேதமில்லை. குப்பனின் வலைக் கொட்டகைக் கூரை மட்டும் பறந்திருந்தது. அவளைக் கண்டதும் அவன் பையை வாங்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நான் பள்ளிக்கூடத்துல பத்திரமா இருந்தேன். புயலு உன்னைத் தேடிக்கினு வந்திச்சே," என்றான்.

"வந்திச்சு. பார்த்தேன். அனுப்பிச்சேன்."

ஆனால் அவளுக்கு முன்னாலேயே மோகனப்பிரியா எடுத்த வீடியோ ஊருக்கு வந்திருந்தது. அன்று மாலை கோயில் முன் கூப்பிட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். தருமன் தொண்டையைச் செருமினார்.

"ஊரே பள்ளிக்கூடத்துல தவிக்கச்சொல்ல நீ டவுசர் போட்டுக்கினு தண்ணியில ஆட்டம் போட்டுக்கீற. கங்கையம்மாவுக்குக் கூழு ஊத்தி, ஊர் முன்னால தப்புன்னு சொல்லிடு. அத்தோட வுட்டுடறோம்."

"அம்மாவுக்குக் கூழு எப்ப வேணா ஊத்துறேன். தப்புன்னு சொல்ல மாட்டேன்ணா."

"ஏன்?"

"தப்பில்ல. அதான். நீங்க சீட்டு ஆடச்சொல்ல ஊரு தவிக்கலையா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, சட்டென்று அடங்கியது. தருமன் முகம் கறுத்தது. தப்பை ஒப்புக்கொள்ளும் வரை ஊர் மணலில் அவள் கருவாடு காயப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் பச்சையம்மா வழக்கமான இடத்திலேயே பாயை விரித்து நெத்திலியைப் பரப்பினாள். ஊர் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த வீட்டு குணசுந்தரி தன் பாயை இவள் பாயோடு ஒட்டி விரித்தாள். "சுபஸ்ரீ சொன்ன அந்த எலும்புக்கூடு மெய்யாலுமே சிரிக்குமா?" என்று கேட்டாள். வெயில் ஏறுவதற்குள் நடுவில் இடமில்லாமல் பாய்கள் நிறைந்துவிட்டன. தடுப்பதென்றால் இனி எல்லார் கருவாட்டையும்தான் தடுக்க வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் தலையைத் தூக்கவில்லை. குப்பன் மட்டும் எழுந்து வந்து, அத்தனை பேர் பார்க்க, அவளோடு கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

ஆடி மாசம் வந்தது. எல்லா வீட்டையும் போல அவளும் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக் கொண்டுபோனாள். ஒரு சொம்பு வாங்கிக்கொண்ட தருமன் எல்லோருக்கும் கேட்கும்படி, "பரவால்ல, தப்புக்குக் கூழு ஊத்திட்டா. வெவகாரம் முடிஞ்சிபோச்சி," என்றார்.

பச்சையம்மா கரண்டியைப் பானையில் வைத்தாள்.

"இது ஆடிக் கூழுண்ணா. தப்புக் கூழுன்னு நெனச்சிக் குடிக்கறவங்க சொம்பைக் கீழ வெச்சிட்டுப் போலாம்."

தருமன் சொம்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நல்ல வெயில். கூழில் மாங்காய் வாசனை வந்தது.

குடித்தார்.