அத்தான் எடுத்த பச்சோந்தி

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் அக்காவின் சமையலறை யன்னலில் ஒரு பச்சைத் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. விசையை அழுத்தினால் புகை மாதிரி நீர் தூவும். இப்போது அது கறிவேப்பிலைச் செடிக்குத்தான் பயன்படுகிறது. போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைப்பேன்; ஒருநாளும் முடிந்ததில்லை. அதை வாங்கியவர் அக்காவின் கணவர், என் அத்தான். போன மாரியில் காலமானார். ஒரு பச்சோந்திக்காக வாங்கினார். அந்தப் பச்சோந்தியை அவர் தலையில் கட்டியவள் நான்.

அப்போது நான் ஊர்வன விற்கும் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, ஆறு மாத ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலம். அத்தானுக்கு முதுகில் சத்திரசிகிச்சை; கிடங்கு வேலைக்குப் போக ஏலாமல் நாள் முழுக்க வீட்டில் தனியே இருந்தார். சத்தம் போடாத ஒரு சீவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். "பச்சோந்தியோ? எங்கட தமிழ்ச் சங்கத்தில இருக்கிறதுகள் காணாதோ?" என்று அக்கா கேட்டதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அதனால் அவளும் தடுக்கவில்லை.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம். கூடுகளில் இரண்டு இருந்தன. ஒன்று பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டிலேயே முட்டை பொரிக்க வைத்து வளர்த்த குட்டி. மங்கல் பச்சை, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இடுக்கியில் பூச்சியை நீட்டினால் நாக்கை வீசிப் பறித்துத் தின்னும். மற்றது மடகாஸ்கர் காட்டில் பிடித்துக் கொண்டுவந்தது. நீலமும் சிவப்புமாக அப்படியொரு வடிவு. ஆனால் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது; பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. பகலில் கண் மூடினால் சுகமில்லை என்று அர்த்தம். காட்டில் பிடித்ததற்கு வயிற்றில் புழு இருக்கும், பயணத்தில் உடம்பு வற்றியிருக்கும், கூடு பழகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். முதலாளியம்மாவுக்கும் தெரியும். திங்கட்கிழமை அந்தப் பெரியது கடையில் இருக்கக்கூடாது என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

"எது நல்லது பிள்ளை? நீயே சொல்லு" என்றார் அத்தான்.

முதலாளியம்மா இரண்டடி தள்ளி நின்றார். எங்கள் தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. சின்னதை எடுங்கோ என்று முகம் மாறாமல் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நின்ற கால் உளைந்தது. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. "உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ அத்தான்" என்றேன்.

அவர் வடிவானதை எடுத்தார். எங்கிருந்து வந்தது என்று காட்டும் நாஹ்வைஸ் பத்திரத்தை நான்தான் நிரப்பினேன். 'காட்டில் பிடித்தது' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டதும் நானே. அவர் வாசிக்காமல் மடித்தார். "எங்கட பிள்ளை நிக்கிற கடை, இதில என்னத்தை வாசிக்கிறது?" எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஜெர்மன்காரன் தரும் கடதாசியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். சொந்தம் நிற்கிற இடமென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

அது ஏழு கிழமை உயிரோடு இருந்தது. பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காகவே அந்தப் போத்தலை வாங்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா முதுகைப் பிடித்தபடி எழும்பித் தூவினார். மூன்றாம் கிழமை மிருக வைத்தியர் புழு மருந்து கொடுத்தார். கடைசியில் கொப்பைப் பிடித்த பிடி விடாமலே அது செத்துப்போனது. அத்தான் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "நான்தான் தண்ணி காணாமல் விட்டிட்டன் போல" என்றார். பிறகு பிறந்தநாள், கலியாணவீடு என்று எங்கே பேச்சு வந்தாலும் அதையேதான் சொன்னார். சனம் பகிடி பண்ணும், அவரும் சேர்ந்து சிரிப்பார், நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன். கடையில் என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். ஒரு வருடத்தில் நானே வேலையை விட்டுவிட்டேன். சீ, அதற்காகவா வாயை மூடினேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன கிழமை அவருடைய கோப்புகளை அடுக்க அக்காவுக்கு உதவப் போனேன். காப்புறுதிக் கடிதங்களுக்கு நடுவே அந்த நாஹ்வைஸ். என் புள்ளடி. இனியும் மறைக்க ஏலாமல் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினேன். அவள் பத்திரத்தை வாங்கி, கோப்பில் இருந்த இடத்திலேயே திரும்பக் கொழுவினாள்.

"அவருக்குத் தெரியுமடி. மூண்டாம் கிழமை கொண்டுபோன அண்டைக்கே மிருக டொக்டர் இதைப் பாத்துச் சொன்னவர், காட்டில பிடிச்சது, தப்பாது எண்டு."

"பிறகேன் தன்னில பழியைப் போட்டவர்?"

"'அவளிட்ட ஒண்டும் கேட்டிடாத, பாவம், வேலை செய்யிற இடம்' எண்டு என்னட்டச் சொன்னவர்."

அவள் தேநீர் வைக்கத் திரும்பினாள். கறிவேப்பிலை வாடியிருந்தது. போத்தலை எடுத்து அழுத்தினேன். விசை இறுக்கம், ஒரு கையால் முடியவில்லை. தப்பாது என்று தெரிந்த பிறகும் நாலு கிழமை, அந்த முதுகோடு, அவர் இதை அழுத்தியிருக்கிறார்.